கூலியும் பேரும்

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியிடம், மலையகச் சிறுகதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். கொப்பியில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தொடக்கமே இப்படி: "மலையக இலக்கியத்தில் எல்லாரும் கூடை சுமக்கிறார்கள். எங்கம்மா வாளி சுமக்கிறா."

பரீட்சைக் கட்டுரையை அப்படித் தொடங்கக்கூடாது. இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று தொடங்கினால்தான் புள்ளி. ஆனாலும் அந்த இரண்டு வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் சொன்னது சரி. கொழுந்து, கூடை, பனி, அட்டைக்கடி என்று மலையகக் கதைகளில் புழங்கும் பொருள்கள் பெரும்பாலும் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்து வந்தவை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடிகிற வேளையில் கத்தியோடு மலைக்குப் போய், இருநூற்றைம்பது முந்நூறு மரத்தில் பட்டை சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குத் தூக்கிவந்து நிறுக்கும் பெண்கள் அந்தக் கதைகளில் அரிது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. கித்துல்கலப் பக்கத்தில் பெய்யும் மழைக்குப் பேர் இல்லாத நாட்கள் அதிகம்.

பேர் என்ற சொல்லைத் தோட்டத்துக்கு வெளியில் உள்ளவர்களுக்கு விளக்கவேண்டும். ஒரு நாள் வேலை செக்ரோல் என்னும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பதிவானால் அது ஒரு பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். கொண்டுவந்த பாலில் மெட்ரோலக் கருவியை மிதக்கவிட்டு இறப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கணக்குக் குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசிக்கு அரைப்பேர் போடுவது எப்படி என்று சிறு வயதில் நான் யோசித்ததுண்டு. அவளுடைய பெயரில் பாதியை மட்டும் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு சொல் இதற்கு நேர்மாறான வழியில் போனது. கூலி எப்படி ஆங்கிலத்துக்குப் போனது என்பதில் வழக்கு உண்டு. குஜராத்தின் கோலி சமூகத்தாரின் பெயரிலிருந்து என்பார் சிலர், தமிழிலிருந்து என்பார் சிலர், இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் தமிழில் அது வேலைக்குக் கிடைக்கும் பணம். ஆங்கிலத்துக்குப் போய் ஆளாகிவிட்டது. துரையின் மொழியில் கூலி ஆளின் பேராயிற்று. தோட்டத்து மொழியில் ஆளின் பேர் கூலியாயிற்று. இனம், வர்க்கம் என்று நாம் தனித்தனியே பேசும் இரண்டும் இந்த இரு சொற்களுக்கு நடுவில் ஒன்றாகவே குடியிருக்கின்றன. மலையக இலக்கியத்தை இந்த இடத்தில் நின்று வாசித்தால் என்ன தெரியும் என்பதுதான் மாணவியின் கொப்பி எனக்குத் தந்த வேலை.

தோட்டத்தில் தமிழைப் பாடமாகப் படித்த முதல் மாணவன் நம்மவன் இல்லை. வெள்ளைக்கார இளைஞர்கள் பெரிய துரையிடம் வேலை பழக வந்து தங்குவார்கள். அவர்களுக்குக் கிரீப்பர் என்று பட்டப்பெயர். அவர்களுக்கென்று தமிழ்ப் புத்தகங்கள் அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் போட்ட சின்னத்துரைமாரின் சட்டைப்பை வழிகாட்டிக்குத் தலைப்பே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்', தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு விளங்கும் தமிழைத் துரைமாருக்கும் தோட்டத்தொழில் மாணவர்களுக்கும் என்று தனியாக வகுத்துத் தருவதாக அட்டையிலேயே சொல்லிக்கொண்டது. மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட 'கூலித்தமிழ்' நூல் இந்தப் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து நம் முன் வைத்தது. அதைப் படித்தபின் 'இங்கே வா' என்ற இரண்டு சொல்லை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. வினைச்சொல்லில் மரியாதை விகுதிகளை அடுக்கடுக்காக வைத்திருக்கும் மொழி தமிழ். வா, வாரும், வாருங்கள் என்ற படிகளில் ஒன்றையே எடுத்துத் தலைப்பாக்கியிருக்கிறார்கள். அந்தப் படியில் நிற்பவனுக்குப் போகவும் வரவும் மட்டும்தான் முடியும். ஏன் என்று கேட்க அங்கே இடம் கிடையாது.

ஆனால் குற்றத்தை முழுவதும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோகவும் முடியாது. தோட்டத்தைப் பற்றித் தமிழில் அச்சான மிகப் பழைய படைப்புகளில் ஒன்று ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி', 1869. தமிழர் எழுதியது, கும்மி என்னும் பாமர வடிவத்தில் எழுதியது. அதன் கண்ணோட்டமோ கோப்பித் தோட்ட முதலாளியுடையது. பாட்டு நம்முடையது, பார்வை துரையுடையது. மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. "கணக்கப்பிள்ளமாரும் தமிழ்தானே, சேர்" என்றாள்.

கிரீப்பர்களில் ஒருவன் மட்டும் பாடத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் மடுல்கெலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தவன். துரையோடு முரண்பட்டு வேலையை இழந்து லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தான். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரின் சுரண்டலை வெளிப்படையாகப் பேசினான். நாடு கடத்த ஆணை வந்தது, தலைமறைவானான், மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் மேடையில் திடீரென்று தோன்றினான். உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. இந்த வரலாறு பலருக்கும் தெரியும். எனக்கு உறுத்துவது நாவலப்பிட்டியைப் பற்றித் துரைமார் தரப்பில் எழுதப்பட்ட ஒரு தகவல். அவன் பேசும்போது தொழிலாளர்கள் 'சாமி, சாமி' என்று கூவினார்களாம். தங்களுக்காகப் பேசிய வெள்ளைக்காரனுக்கும் கொடுக்க அவர்களிடம் அந்த ஒரு விளிதான் இருந்தது. நல்ல கதாசிரியன் ஒருவன் அந்த மைதானத்தில் நின்றிருந்தால் மேடையை விட்டுவிட்டு அந்தக் குரலைத்தான் பின்தொடர்ந்திருப்பான்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி, 1975இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இலக்கிய மாணவர்களுக்குப் பழகிய ஒன்று. ஜோசப் கொன்ராடின் கொங்கோ நாவலில் ஆப்பிரிக்கர்களுக்குப் பேச்சே அநேகமாக மறுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் நூல்தான் அது. கண்டனத்திலும் கறுப்பர் பின்புலமாகவே நிற்கிறார்கள். நாங்கள் அதைப் படிக்க கொங்கோ வரைக்கும் போகவேண்டியதில்லை. யட்டியாந்தோட்டையிலிருந்து அட்டன் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் கித்துல்கல. களனி ஆற்றங்கரையில் இறங்கினால், டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்குப் பாலம் கட்டி உடைத்த இடம். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். வெளிநாட்டுக்காரர் இன்றும் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஊர்ப் பெருமை.

படம் சொல்லும் கதை, சயாமிலிருந்து பர்மாவுக்கு யப்பானியர் போட்ட ரயில் பாதை பற்றியது. படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் பிரித்தானியப் போர்க் கைதிகள். அந்தக் கைதிகள் பட்ட பாடு பொய்யில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் அங்கே இறந்தார்கள். ஆனால் அதே பாதையில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர் கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களில் பல்லாயிரவர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள். அங்கே செத்த ஆசியர்களின் தொகையைத் தொண்ணூறாயிரம் அளவில் மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு, கல்லறையில் பெயர் உண்டு. இவர்களுக்குத் தோராயக் கணக்கு மட்டும். 1952இல் அந்த நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்கு முன் மலாயா இறப்பர்த் தோட்டத்தில் பொறியியலாளராக வேலை பார்த்தவர். பால் வெட்டும் தமிழரைத் தினமும் கண்டிருப்பார். எழுத உட்கார்ந்தபோது அவருடைய கற்பனையைப் பிடித்துக்கொண்டது கர்னல் நிக்கல்சனின் மானப் பிரச்சினை. பாலத்தைத் தாங்கிய மற்ற முதுகுகளைப் பற்றித் தமிழர்களே எழுதவேண்டியிருந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல்தான் வந்தது.

இதில் எனக்கு இன்னும் வேடிக்கையாகவும் வேதனையாகவும் படுவது இடம்தான். இறப்பர்த் தொழிலாளத் தமிழர் இல்லாத ஒரு கதையை, இறப்பர்த் தொழிலாளத் தமிழர் வாழும் ஊருக்கு வந்து படமாக்கிப் போயிருக்கிறார்கள்.

சரி, நம்மவர் எழுதியபோது என்ன நடந்தது? புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்ததில்லை. 1935இல் மணிக்கொடி இதழில் வந்த 'துன்பக்கேணி'யை அவர் கேட்டதையும் படித்ததையும் கொண்டு எழுதினார். அந்தக் கதையின் தேயிலைத் தோட்டம் நோயும் இச்சையும் நிரம்பிய நரகம். தோட்டத்துப் பெண் என்றாலே கெட்டுப்போனவள் என்ற பேச்சுக்கு அது எண்ணெய் ஊற்றியது என்று மலையக வாசகர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்கதை துரையின் பங்களாவில் தொடங்கவில்லை. நெல்லைச் சீமைக் கிராமத்தில், மருதியும் அவள் புருசனும் ஊர்ப் பெரியவர்களின் அதிகாரத்துக்குள் நசுங்கும் இடத்தில் தொடங்குகிறது. கப்பலேறுவதற்கு முன்பே அவளை ஒரு சாதி அமைப்பு விற்றாயிற்று. 1935இல் தேசியவாதம் உச்சத்தில் இருக்க, வெள்ளையனை ஏசினாலே எழுத்தாளனுக்குக் கைதட்டல் கிடைத்த காலத்தில், பழியைக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரித்து வைத்தது பெரிய நேர்மை.

அந்த நேர்மை நம் மலையகக் கதைகளில் பலவற்றுக்கு வாய்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். துரை கெட்டவன், கங்காணி கெட்டவன், தொழிலாளி நல்லவன் என்ற சூத்திரம் சீக்கிரமே படிந்துவிட்டது. கங்காணி சொந்தக்காரன், சொந்தச் சாதிக்காரன்; கடன் கொடுத்துக் கூட்டிவந்தவன், கல்யாணத்தை முன்னின்று நடத்தியவன், வேலைக்குப் போன ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு வாங்கியவனும் அவனே. ஒருவனைப் பிடித்து வைத்திருக்கத் துண்டு முறை இருந்தது. கங்காணியின் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகத் துண்டு கிடைக்காது. 1921இல் அது சட்டப்படி ஒழிந்தது. மனசில் ஒழிய இன்னும் காலம் எடுத்தது. இந்தச் சிக்கலான மனிதனை மீசையும் தலைப்பாகையுமாக மட்டும் வரைவது கதாசிரியனுக்கு வசதி.

சி. வி. வேலுப்பிள்ளையை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், கங்காணி குடும்பத்துப் பேரன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தன் மக்களின் துயரத்தை அவர் முதலில் ஆங்கிலத்தில்தான் பாடினார். 1954இல் வந்த அந்த நெடுங்கவிதையைச் சக்தி பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். துரையின் மொழியில் துரையின் காதில் விழும்படி சொன்னார் என்று இதைப் புகழலாம். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவனுக்கு விளங்காத மொழியில் லயத்தைப் பற்றிச் சொன்னார் என்று குறையும் கூறலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்ந்திருந்தவன், 1983இல் அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைப் படிக்கும்வரை. கங்காணிப் பேரன் ஒருவர், கங்காணியை ஏசும் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். தன் பரம்பரைக்கு எதிரான சாட்சியத்தைத் தானே பதிவு செய்வதை நான் எந்தத் திறனாய்வுக் கோட்பாட்டையும்விட மேலாக மதிக்கிறேன். அந்த நாட்டார் பாட்டுகளில்தான் கேள்வியும் இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகம் மறுத்த அந்த 'ஏன்' பாட்டில் வந்து விழுகிறது. துரைக்கும் கங்காணிக்கும் நேரே கேட்கமுடியாததைப் பெண்கள் தாலாட்டுக்குள்ளும் ஒப்பாரிக்குள்ளும் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

மாணவியின் இரண்டாம் பக்கம் வரலாற்றுக்குள் போயிருந்தது. எங்கள் ஊர் எம்.பி.யாக இருந்த என். எம். பெரேராவைப் பற்றி அவளுடைய தாத்தா சொன்னதை எழுதியிருந்தாள். பெரேரா 1936இல் ருவன்வெல்லத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார்; 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதி உறுப்பினர். மலேரியாக் காலத்தில் கிராமங்களுக்குப் பருப்புக் கொண்டுபோய்க் கொடுத்ததால் பருப்பு மாத்தயா என்று பேர் வாங்கியவர். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அது வர்க்கத்தின் மேல் விழுந்த அடி என்று அவருடைய லங்கா சமசமாஜக் கட்சி எதிர்த்தது. அடுத்து வந்த சட்டங்களோடு வாக்காளர் பட்டியலிலிருந்து தோட்டத்து மக்களின் பேர் வெட்டப்பட்டது. செக்ரோலில் பேர் உண்டு, தேர்தல் இடாப்பில் பேர் இல்லை. 1964 ஜூனில் அதே பெரேரா பிரதமர் சிறிமாவோவின் அமைச்சரவையில் நிதி அமைச்சரானார். ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பின்னால் பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். தமிழில் மனிதரை எண்ணுவதும் பேர் என்றுதான். அவ்வளவு பேரில் ஒருவரிடமாவது கேட்டார்களா என்பது தாத்தாவின் கேள்வி. அதை அவள் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாள்.

நல்லவர் ஒருவர் எந்த நாளில், எந்தக் கணக்கில் சறுக்குகிறார் என்பதைவிடப் பெரிய நாவல் பொருள் ஏது? யட்டியாந்தோட்டையில் அது கண்முன் கிடக்கிறது. நான் அறிய யாரும் எழுதவில்லை. என். எம். சிங்கள மக்களுக்கு வீரர், தமிழ் மேடைகளில் துரோகி. இரண்டு படத்துக்கும் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது.

இன்னும் கடினமான பொருள் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் வாங்கி, காணியில்லாத சிங்களக் கிராமத்தவர்களுக்குப் பகிர முடிவு செய்தது. தோட்டத்திலிருந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். வழக்கு, சிறை, பிற தோட்டங்களுக்கும் பரவிய பெரிய வேலைநிறுத்தம். நம் பக்கத்து வரலாற்றில் இது உரிமைப் போராட்டம், ஐயமில்லை. ஆனால் எதிரில் நின்றவன் துரை இல்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் பாட்டன் காலத்தில் காட்டையும் சேனையையும் பறிகொடுத்த கிராமத்தவனின் பேரன். ஒரே கொள்ளையில் பாதிக்கப்பட்ட இரண்டு ஏழைகள் ஒரே காணியில் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். துரை அதற்குள் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். லெனார்ட் வுல்ஃப் அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபராக இருந்துவிட்டு 1913இல் எழுதிய நாவலில், சிங்களக் கிராமத்து வேட்டைக்காரன் சிலிந்து, தனக்கு விளங்காத ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி இருக்கிறது. அந்தச் சிலிந்துவையும் நேவ்ஸ்மியரின் தமிழனையும் ஒரே நீதிமன்றத்தில் நிறுத்திய கதையை நான் இதுவரை தமிழில் வாசித்ததில்லை.

இந்தக் குருட்டுத்தனம் ஒரு பக்கத்துச் சொத்து இல்லை. 1971 ஏப்ரலில் கேகாலை மாவட்டம் ஜே.வி.பி. கிளர்ச்சியின் கோட்டைகளில் ஒன்று. புரட்சிக்குப் போன அந்தக் கிராமத்து இளைஞர்களுக்கு நடத்தப்பட்ட ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் தோட்டத் தொழிலாளி அந்த விஸ்தரிப்பின் கருவி. வர்க்கப் போருக்குப் புறப்பட்டவர்கள், நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தை வர்க்கக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் புறப்பட்டார்கள். 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்கள் எரிந்தபோது எத்தனையோ குடும்பம் வவுனியாவுக்குப் போயிற்று. தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் பலர் பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் போனார்கள். அங்கிருந்து ஒரு நாள் யாராவது சிங்களத்தில் மலையக நாவல் எழுதினால் அதை எந்த இலக்கியத்தில் சேர்ப்பது என்று விமர்சகர்கள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

மூன்றாம் பக்கத்தில் அவள் கதை எழுதப் பார்த்திருந்தாள். கட்டுரையில் கதை வரக்கூடாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மழை நாள். மலையில் ஒரு கொட்டகையில் பால் வெட்டும் இரண்டு பெண்கள். ஒருத்தி அவளுடைய அம்மா. மற்றவர் கீழ்க் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வேலைக்கு வரும் சிங்கள அக்கா. இப்போது பல இறப்பர்த் தோட்டங்களில் இப்படித்தான்; அடுத்தடுத்த நிரையில் இரண்டு மொழியும் பால் வெட்டுகிறது. மழை விடவில்லை. இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. வெற்றிலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த இடத்தில் எழுத்து நின்று, ஓரத்தில் பென்சிலால் எனக்கொரு கேள்வி: "சேர், அந்த அக்காவ எந்த மொழியில பேச வைக்கிறது? சிங்களத்துல எழுதினா வாசிக்கிறவங்களுக்கு விளங்காது. சுத்தத் தமிழ்ல எழுதினா பொய். அவ பேசுற மாதிரி ஒடஞ்ச தமிழ்ல எழுதினா சிரிப்பாங்க."

பெர்குசனும் வெல்ஸும் நம்மவர்களைக் குறித்து ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. அடுத்த வகுப்பில் அவளிடம், அம்மா அந்த அக்காவோடு என்ன மொழியில் பேசுவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அம்மா சிங்களத்துல பேசுவா, அவ தமிழ்ல பதில் சொல்லுவா" என்றாள். "ரெண்டு பேரும் பிழையாத்தான்."

அப்படியே எழுதச் சொன்னேன். அக்காவின் தமிழ் எவ்வளவு உடைந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அம்மாவின் சிங்களமும் உடைந்திருக்கவேண்டும் என்றேன். சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். கொப்பியை வாங்கிக்கொண்டு, வெளியில் மழை இருட்டுகிறது என்று அவசரமாக பஸ்ஸுக்குப் போனாள்.